போன வழியும் அழைத்த வழியும்

கணக்கு ஒரு ரூபாய் உதைத்தது.

2017 ஜூலை, ஜிஎஸ்டி வந்த முதல் மாதம். மொத்த வியாபாரிகளுக்கான பில்லிங் மென்பொருள் ஒன்றில் நான் அப்போது வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சி மொழியில் எழுதிய பழைய நிரல். எழுதியவர்களில் ஒருவர்கூட அலுவலகத்தில் மிச்சமில்லை. பில்லின் மொத்தத்தில் வரும் பைசாவை அருகிலுள்ள ரூபாய்க்குக் கொண்டுவர வேண்டும் என்று வேலை வந்தது. ஐம்பது பைசாவோ அதற்கு மேலோ இருந்தால் அடுத்த ரூபாய், அதற்குக் கீழே என்றால் விட்டுவிடலாம். பழைய நிரல் பாரபட்சம் இல்லாமல் எல்லாப் பைசாவையும் வெட்டி எறிந்துகொண்டிருந்தது.

பில் அச்சடிக்கும் ஃபங்ஷனில் தொடங்கினேன். ஃபங்ஷன் என்பது ஒரு வேலைக்கென்று பெயர் வைத்து எழுதிய நிரல் துண்டு; ஒன்று இன்னொன்றை அழைத்து வேலை வாங்கும். அங்கிருந்து மொத்தம் போடும் ஃபங்ஷன், அங்கிருந்து வரி, அங்கிருந்து தள்ளுபடி என்று ஆறேழு படி இறங்கினேன். கடைசியில், பைசாவை வெட்டுகிற நான்கு வரி ஃபங்ஷன் ஒன்று அகப்பட்டது. வெட்டுவதற்கு முன் அரை ரூபாயைக் கூட்டிவிட்டால் போதும். 1249.70 உடன் 0.50 சேர்ந்தால் 1250.20, பைசாவை வெட்டினால் 1250. ஒரே வரித் திருத்தம். பத்துப் பதினைந்து பில் போட்டுப் பார்த்தேன், எல்லாம் சரியாக வந்தன. அன்று மாலை சீக்கிரமே வீட்டுக்குப் போய்விட்டேன்.

பத்து நாள் கழித்து ஒரு கடையின் கணக்கர் தொலைபேசியில் அழைத்தார். "என்னம்மா, 1250க்கு விற்ற சரக்கு திரும்பி வந்தால் உங்கள் மென்பொருள் 1249க்குக் கிரெடிட் நோட் போடுகிறது. எடுத்த நோட்டில் எல்லாம் ஒரு ரூபாய் உதைக்கிறதே?"

திரும்பி வரும் சரக்கின் தொகையை அந்த நிரல் எதிர்மறை எண்ணாக வைத்திருந்தது. −1249.70 உடன் 0.50 கூட்டினால் −1249.20, பைசாவை வெட்டினால் −1249. அரை ரூபாயைக் கூட்டுவதற்குப் பதில் கழித்திருக்க வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரியும் தவறுதான். ஆனால் எதிர்மறை எண் ஒன்று அந்த ஃபங்ஷனுக்குள் வரக்கூடும் என்றே எனக்குத் தோன்றவில்லை. ஏன் என்றால் நான் விற்பனை பில்லிலிருந்து புறப்பட்டவள். அந்த வழியில் எதிர்மறைத் தொகை வராது. பிறகு தேடிப் பார்த்தபோது அந்த நான்கு வரி ஃபங்ஷனை ஐந்து இடங்கள் அழைத்துக்கொண்டிருந்தன. கொல்லைப்புறம் வழியாக வீட்டுக்குள் நுழைந்துவிட்டு, தெருவாசல் ஒன்று இருப்பதையே பார்க்காமல் சுவரை இடித்திருக்கிறேன்.

அன்றைக்குத்தான் ஒன்று உறைத்தது. நிரலுக்குள் 'பின்னால் போவது' என்பது ஒரு வேலை அல்ல, இரண்டு. ஒன்று, நான் வந்த வழியில் திரும்புவது. இன்னொன்று, இந்த இடத்துக்கு யார் யாரெல்லாம் வருகிறார்கள் என்று பார்ப்பது. முதலாவது என்னுடைய வரலாறு. இரண்டாவது நிரலின் வரலாறு, அல்லது அதன் ஊர் வரைபடம் என்று சொல்லலாம். நிரல் எழுதும் எடிட்டரில் இரண்டுக்கும் வேறு வேறு விசைகள். எனக்கு அப்போது இரண்டும் தெரியாது. முன்னால் தாவும் எஃப்12 ஒன்றுதான் தெரியும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லோருக்கும் அந்த ஒன்றைத்தான் சொல்லித் தருகிறார்கள். ஃபங்ஷன் பெயரின் மேல் கர்சரை வைத்து எஃப்12 அழுத்தினால் அதன் வரையறைக்கு, அதாவது அது எழுதப்பட்டிருக்கும் இடத்துக்கு, போய்விடலாம். மாயம் மாதிரி இருக்கும். போகலாம், போகலாம், போய்க்கொண்டே இருக்கலாம். எப்படித் திரும்புவது என்று யாரும் சொல்வதில்லை. அதனால் நான் திரும்பவே இல்லை. போன இடத்தையெல்லாம் புது டேபில் திறந்து வைத்தேன். மதியத்துக்குள் திரையின் மேல்பக்கம் முப்பது, முப்பத்தைந்து டேப். பெயர்கள் குறுகிக் குறுகி முதல் மூன்று எழுத்து மட்டும் தெரியும். எல்லாக் கோப்புக்கும் முதல் மூன்று எழுத்து 'பில்'. நடுவில் யாராவது "ஒரு நிமிடம் வாருங்கள்" என்று கூப்பிட்டுப் போய்த் திரும்பினால் தீர்ந்தது. எந்த டேபில் இருந்தேன், எதற்காக அங்கே போனேன் என்று எதுவும் நினைவிருக்காது. மறுபடி முதலிலிருந்து.

இது என் மந்தபுத்தி மட்டும் அல்ல என்று பின்னாளில் தெரிந்தபோது சின்ன ஆறுதல். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலர் பத்து ஜாவா நிரலாளர்களை உட்காரவைத்து, 70 நிமிடம் அறிமுகமில்லாத ஒரு நிரலில் திருத்தங்கள் செய்யச் சொல்லி, நடுநடுவே குறுக்கிட்டுத் தொந்தரவும் கொடுத்துப் பார்த்தார்கள். 2006இல் வெளிவந்த ஆய்வு அது. அந்த நேரத்தில் சராசரியாக 35 சதவீதம், கோப்புகளுக்குள்ளும் கோப்புகளுக்கு இடையிலும் போய்வரும் இயந்திர வேலைக்கே செலவாகியிருந்தது. எழுதுவதற்கும் அல்ல, யோசிப்பதற்கும் அல்ல. நடப்பதற்கு.

திரும்பும் விசையை நான் கற்றுக்கொண்டது தற்செயலாக. புதிதாகக் கொடுத்த மவுஸில் கட்டைவிரல் படும் பக்கத்தில் இரண்டு சிறிய பொத்தான்கள் இருந்தன. இணையம் பார்க்கும்போது முந்தைய பக்கத்துக்குப் போக அழுத்துவேன். ஒருநாள் எடிட்டரில் இருக்கும்போது கட்டைவிரல் தவறிப் பட்டுவிட்டது. திரை மாறியது. ஐந்து நிமிடத்துக்கு முன் நான் இருந்த அதே கோப்பு, அதே வரி, கர்சர் அதே எழுத்தில். இன்னொரு முறை அழுத்தினேன். அதற்கும் முந்தைய இடம். அப்படியே பின்னால் பின்னால் போய், காலையில் தொடங்கிய வரிக்கே வந்துவிட்டேன். போன மச்சான் திரும்பி வந்தான் என்பார்களே, அந்த மகிழ்ச்சி.

மவுஸ் பொத்தானுக்குச் சமமான விசைகள் எல்லா எடிட்டரிலும் உண்டு. விண்டோஸில் விஎஸ் கோடு என்றால் ஆல்ட்டும் இடது அம்பும் பின்னால், ஆல்ட்டும் வலது அம்பும் முன்னால். எக்ளிப்ஸிலும் அதே. விஷுவல் ஸ்டுடியோவில் கண்ட்ரோலும் கழித்தல் குறியும். ஈமாக்ஸில் மெட்டாவும் (பெரும்பாலும் ஆல்ட் விசைதான்) புள்ளியும் போக, மெட்டாவும் கமாவும் திரும்ப. இரண்டும் விசைப்பலகையில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது எனக்குப் பிடித்த ஏற்பாடு. இன்டெல்லிஜேயில் கண்ட்ரோல், ஆல்ட், இடது அம்பு மூன்றும் சேர்த்து. இந்தக் கடைசிச் சேர்க்கையில் ஒரு வில்லங்கம் உண்டு. ஒருமுறை பக்கத்து இருக்கைத் தோழியின் கணினியில் அதை அழுத்தியதும் முழுத் திரையும் அப்படியே சாய்ந்து படுத்துக்கொண்டது. அந்தக் கணினியின் கிராஃபிக்ஸ் மென்பொருள் அதே விசைகளைத் திரையைச் சுழற்றுவதற்கு வைத்திருந்தது. தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு இருவருமாக அமைப்புகளைத் தேடிய பத்து நிமிடம் அலுவலகமே சிரித்தது. உங்களுக்கும் அந்த விசைகள் வேலை செய்யவில்லை என்றால் எடிட்டரைக் குறை சொல்லும் முன் இயக்கமுறைமை அதை இடையில் பிடித்துக்கொள்கிறதா என்று பாருங்கள். லினக்ஸ் மேசைத்தளங்கள் சிலவற்றிலும் பணியிடம் மாற்ற அதே விசைகள்தான்.

அடுத்த வேலையில் எல்லாம் சர்வரில். கறுப்புத் திரை, விம் எடிட்டர், மவுஸ் கிடையாது. முதல் வாரம் அழாத குறை. ஆனால் 'போய்வருதல்' என்ற விஷயத்தை ஒழுங்காக நான் புரிந்துகொண்டது விம்மில்தான், ஏனென்றால் அது தன் குறிப்பேட்டைத் திறந்தே காட்டும். கட்டளை வரியில் ஜம்ப்ஸ் என்று கேட்டால், தாவிய இடங்களின் பட்டியலை வரி எண்ணோடு போட்டுவிடுகிறது. ஒவ்வொரு சாளரத்துக்கும் நூறு இடங்கள் வரை நினைவில் வைத்திருக்கும். பின்னால் போகக் கண்ட்ரோல்-ஓ, முன்னால் வரக் கண்ட்ரோல்-ஐ.

எதைத் 'தாவல்' என்று கணக்கில் கொள்கிறது என்பதில்தான் சூட்சுமம். ஒரு சொல்லைத் தேடிப் போனால் தாவல். கோப்பின் கடைசிக்குப் போனால் தாவல். வேறு கோப்பைத் திறந்தால் தாவல். ஆனால் ஜே விசையைப் பிடித்துக்கொண்டு இருநூறு வரி கீழே இறங்கினால் அது தாவல் அல்ல, நடை. நடந்து போன இடங்களை விம் குறித்துக்கொள்ளாது. நான் உருட்டி உருட்டிப் படிக்கிற ஆள். நாற்பது வரி உருட்டி ஒரு நல்ல இடத்தைக் கண்டுபிடிப்பேன், அங்கிருந்து இன்னும் நூறு வரி உருட்டுவேன், பிறகு திரும்பி வர அழுத்தினால் அந்த நல்ல இடம் பட்டியலில் இருக்காது. இதற்கு மருந்து எளிது. எம் விசையையும் ஒற்றை மேற்கோள் குறியையும் அடுத்தடுத்து அழுத்தினால், நின்ற இடம் பட்டியலில் ஏறிவிடும். இப்போது அது கைப்பழக்கம். "இது முக்கியம்" என்று மனசு சொன்ன நொடியில் விரல் தானாக அழுத்திவிடுகிறது.

முன்னால் வரும் விசை மட்டும் எனக்கு மாதக்கணக்கில் வேலை செய்யவில்லை. கண்ட்ரோல்-ஐ அழுத்தினால் ஃபங்ஷன் சுருங்கி ஒரே வரியாக மடிந்துகொள்ளும். விம்மில் அந்த விசைக்கு வேலையே அதுதான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். உண்மையில் குற்றவாளி நான்தான். யாரோ எழுதிவைத்த அமைப்புக் கோப்பை அப்படியே நகலெடுத்திருந்தேன். அதில் டேப் விசைக்கு, நிரலை மடித்துத் திறக்கும் வேலை கொடுத்திருந்தார்கள். அந்தக் கறுப்புத் திரையான டெர்மினலைப் பொறுத்தவரை டேபும் கண்ட்ரோல்-ஐயும் ஒன்றேதான். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி முறையில் பெரிய ஐயின் எண் 73. கண்ட்ரோலோடு அழுத்தினால் அதில் 64 கழிந்து 9 ஆகிறது. டேபின் எண்ணும் 9. எடிட்டருக்குள் வந்து சேர்வது வெறும் ஒன்பதுதான், எந்த விரல் அனுப்பியது என்று அதற்குத் தெரியாது. அந்த அமைப்பு வரியை நீக்கிய அன்று எனக்கு முன்வாசல் திறந்தது. அடுத்தவர் அமைப்புக் கோப்பை வரிவரியாகப் படிக்காமல் எடுத்து வைத்துக்கொள்ளாதீர்கள் என்று என் குழுவுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் இன்றும் சொல்கிறேன். யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டிருக்கமாட்டேன்.

விம்மில் இன்னொரு பட்டியலும் இருக்கிறது. ஆழமாக இறங்கிப் படிக்கிறவர்களுக்கு அதுதான் மேல். ஃபங்ஷன் பெயரின் மேல் நின்று கண்ட்ரோலும் வலது சதுர அடைப்பும் அழுத்தினால் வரையறைக்குள் இறங்கும். கண்ட்ரோல்-டி அழுத்தினால் ஒரு படி மேலே ஏறும். கண்ட்ரோல்-ஓவும் இதையேதான் செய்கிறது என்று நெடுநாள் நினைத்திருந்தேன். இல்லை. நான்கு ஃபங்ஷன் ஆழம் இறங்கி, ஒவ்வொன்றிலும் நாலைந்து தேடல் செய்திருந்தால், புறப்பட்ட இடத்துக்கு வரக் கண்ட்ரோல்-ஓவை இருபது முறை அழுத்த வேண்டும். கண்ட்ரோல்-டி என்றால் நான்கே முறை. நடுவில் அலைந்ததையெல்லாம் அது பொருட்படுத்தாது. தெரிந்தே இறங்கிய படிகளை மட்டும் எண்ணி வைத்திருக்கும். இருபது படி வரைதான் தாங்கும், எனக்கு எட்டுக்கு மேல் தேவைப்பட்டதில்லை.

இந்த இறக்கத்துக்குப் பின்னால் இருப்பது டேக்ஸ் என்ற சாதாரண எழுத்துக் கோப்பு. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பிஎஸ்டி யூனிக்ஸ் இயக்கமுறைமைக்காகக் கென் ஆர்னால்ட் எழுதிய சிடேக்ஸ் நிரலின் வழிவந்தது. ஒருமுறை திறந்து பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் பெயர், அது இருக்கும் கோப்பு, பிறகு ஒரு தேடல் சரம் இருக்கும். வரி எண்ணுக்குப் பதிலாகத் தேடல் சரத்தை வைத்தது நல்ல யோசனை. மேலே பத்து வரி சேர்த்தாலும் குறிப்பு பழுதாகாது. இன்றைய எடிட்டர்களில் இந்த வேலையை மொழிச் சர்வர்கள் என்ற தனி நிரல்கள் செய்கின்றன. எடிட்டரும் அவையும் பேசிக்கொள்ளும் நெறிமுறையை 2016இல் மைக்ரோசாஃப்ட், ரெட் ஹாட், கோடென்வி மூவரும் சேர்ந்து அறிவித்தார்கள். எடிட்டருக்கு ஒன்று, மொழிக்கு ஒன்று என்று தனித்தனியாக எழுதித் தள்ளும் பாடு அதன் பிறகு குறைந்தது. நிரலின் பொருளைப் புரிந்துகொண்டு பதில் சொல்வதால் டேக்ஸைவிடத் துல்லியம் அதிகம். ஆனாலும் இரண்டும் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். அதை எனக்குக் காட்டியது லினக்ஸ் இயக்கமுறைமையின் கருவான கெர்னல்.

ஒரு கோப்பைப் படிக்கும் ரீட் என்ற அழைப்பு கெர்னலுக்குள் என்ன ஆகிறது என்று பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். முதல் அடியே வழுக்கியது. சிஸ்_ரீட் என்று தேடினால் அப்படி ஒரு ஃபங்ஷன் உண்டு என்ற அறிவிப்பு கிடைக்கிறது, வேலை செய்யும் உடல் கிடைக்கவில்லை. காரணம், எஃப்எஸ் அடைவில் ரீட்_ரைட் என்ற சி கோப்பில் அது சிஸ்கால்_டிஃபைன்3 என்ற மேக்ரோவுக்குள், அதாவது பிறகு முழு நிரலாக விரியும் சுருக்கப் பெயருக்குள், ஒளிந்திருக்கிறது. மூன்று என்பது அந்த அழைப்பு வாங்கும் உள்ளீடுகளின் எண்ணிக்கை. சிடேக்ஸை நாமாக ஓட்டினால் அதற்கு இந்த மேக்ரோ தெரியாது. கெர்னலின் வேர் அடைவில் மேக் டேக்ஸ் என்று கட்டளை கொடுத்தால், கெர்னலோடு வரும் ஸ்கிரிப்ட் ஒன்று இந்த மேக்ரோக்களைச் சிடேக்ஸுக்குச் சொல்லிக்கொடுத்தே ஓட்டுகிறது. அதற்குப் பிறகு சிஸ்_ரீட் உடனே கிடைத்தது. பெரிய நிரல் எதற்கும் இப்படி வீட்டு வழி ஒன்று இருக்கும். சொந்தமாக வித்தை காட்டும் முன் அதைத் தேடுங்கள்.

அங்கிருந்து கேசிஸ்_ரீட், அதற்குள் விஎஃப்எஸ்_ரீட். அதுவரை நல்ல தார்ச்சாலை. விஎஃப்எஸ்_ரீட்டுக்குள் போனால், கோப்பின் எஃப்_ஆப் என்ற சுட்டி (இன்னோர் இடத்தின் முகவரியை வைத்திருப்பது) வழியாக ரீட் இருந்தால் அதை அழை, இல்லாமல் ரீட்_ஐட்டர் இருந்தால் அதன் வழியாகப் போ என்று இருக்கிறது. ரீட்_ஐட்டரின் மேல் நின்று வரையறைக்குப் போ என்றேன். ஃபைல்_ஆபரேஷன்ஸ் என்ற கட்டமைப்பின் அறிவிப்புக்குள் கொண்டுபோய் நிறுத்தியது. அங்கே ஒரு வரி: இப்படி ஒரு ஃபங்ஷன் சுட்டி இருக்கும். அவ்வளவுதான். எடிட்டர் பொய் சொல்லவில்லை. அதற்கு மேல் அதற்குத் தெரியாது. எந்த ஃபங்ஷன் ஓடும் என்பது நிரல் ஓடும்போது, அந்தக் கோப்பு எந்தக் கோப்பு முறைமையில் (வட்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் ஏற்பாட்டில்) இருக்கிறது என்பதைப் பொறுத்து முடிவாகும்.

இந்த இடத்தில் முன்னால் போகும் விசையை எத்தனை முறை தட்டினாலும் பயனில்லை. கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். ரீட்_ஐட்டருக்குள் எதையாவது எடுத்து வைப்பவர்கள் யார்? 'புள்ளி, ரீட்_ஐட்டர், சமக்குறி' என்ற வடிவத்தை முழு அடைவிலும் தேடினேன். கோப்பு முறைமைகளும் சாதனங்களை இயக்கும் டிரைவர் நிரல்களுமாகப் பக்கம் பக்கமாக வந்து விழுந்தன. எல்லாவற்றையும் திறந்தால் பழையபடி முப்பது டேப் கதைதான். என் மடிக்கணினியில் இருப்பது எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமை. அதனால் அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்று முடிவெடுத்து, காகிதத்தில் எழுதிவைத்து, அந்த ஒன்றில் இறங்கினேன். எக்ஸ்ட்4இன் ஃபைல் என்ற சி கோப்பு, அங்கிருந்து எம்எம் அடைவின் ஃபைல்மேப் கோப்பில் ஜெனரிக்_ஃபைல்_ரீட்_ஐட்டர். நினைவகத்தில் ஏற்கெனவே இருக்கும் பக்கங்களிலிருந்து தரவை எடுத்துக் கொடுக்கும் இடம் வரை அன்று சாயங்காலத்துக்குள் போய்ச் சேர்ந்தேன். திரும்பியும் வந்தேன். இடையில் ஒரு காபி, ஒரு துணி காயப்போடல்.

கணக்கரின் ஒரு ரூபாயும் கெர்னலின் ரீட்_ஐட்டரும் எனக்கு ஒன்றாகவே தெரிகின்றன. இரண்டிலும் தேவைப்பட்டது என் தடத்தில் பின்னால் போவது அல்ல, நிரலைப் பின்னாலிருந்து கேட்பது. இதற்கென்றே பெல் ஆய்வகத்தில் எழுதிய சிஸ்கோப் என்ற பழைய கருவி இருக்கிறது. 'இந்த ஃபங்ஷனை அழைப்பவர்கள் யார்' என்பது அதன் பட்டியலில் உள்ள நேரடிக் கேள்வி. விஎஸ் கோடில் ஷிஃப்ட்-எஃப்12 அதற்கு நெருக்கமான பதிலைத் தரும். இன்டெல்லிஜேயில் ஆல்ட்-எஃப்7. ஒரு ஃபங்ஷனின் உடலில் ஒரு எழுத்தைத் திருத்தும் முன்பும் இதை ஒருமுறை அழுத்திவிடுகிறேன். ஐந்து இடம் என்று வந்தால் ஐந்தையும் ஒரு பார்வை பார்ப்பேன். ஐந்நூறு என்று வந்தால் அந்த ஃபங்ஷனைத் தொடாமல் பக்கத்தில் புதிதாக ஒன்று எழுதலாமா என்று யோசிப்பேன்.

சில பழக்கங்களைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். போகத் தேவையில்லாத இடத்துக்குப் போகாமலிருப்பது நல்லது; விஎஸ் கோடில் ஆல்ட்-எஃப்12 அழுத்தினால் வரையறை அதே இடத்தில் சிறு சாளரமாகத் திறக்கும், எட்டிப் பார்த்துவிட்டு மூடிவிடலாம். திரையை இரண்டாகப் பிரித்து, கேள்வி இடப்பக்கம் அசையாமல் இருக்க, அலைச்சல் எல்லாம் வலப்பக்கம் நடக்கட்டும். அப்புறம், கடைசியாகத் திருத்திய இடத்துக்கு நேராகப் போகும் விசை. இதைத் தெரியாமல் நான் வீணாக்கிய நேரத்தை நினைத்தால் வயிற்றெரிச்சல். பாதி எழுதிய வரியை விட்டுவிட்டு ஏதோ ஒரு விவரம் பார்க்கப் புறப்பட்டு இருபது கோப்பு சுற்றியிருப்போம். அப்போது படி படியாகப் பின்னேற வேண்டியதில்லை. விம்மில் ஜியும் அரைப்புள்ளியும், விஎஸ் கோடில் கண்ட்ரோல்-கே கண்ட்ரோல்-கியூ, இன்டெல்லிஜேயில் கண்ட்ரோல், ஷிஃப்ட், பேக்ஸ்பேஸ். எங்கே சுற்றினாலும் எழுத்து நின்ற வரியில் கொண்டுவந்து இறக்கிவிடும்.

கிளை பிரியும்போது எந்த எடிட்டரும் முழுதாகக் காப்பாற்றாது. மூன்று இடம் பின்னால் வந்து, அங்கிருந்து புதிய திசையில் தாவினால், விஎஸ் கோடில் முன்னால் இருந்த மூன்றும் மறைந்துவிடும், இணைய உலாவியில் நடப்பது போலவே. விம் வழக்கமாக அவற்றை மறப்பதில்லை, ஆனால் புதிய இடத்தைப் பட்டியலின் கடைசியில் ஒட்டுவதால் வரிசை குழம்பும். நம் படிப்பு மரம் மாதிரி கிளைக்கிறது. எடிட்டர் அதை ஒற்றைக் கயிறாகத்தான் வைத்திருக்க முடிகிறது. அதனால் கிளை பிரியும் இடத்தில் மட்டும் நானே ஒரு குறி வைக்கிறேன். விம்மில் பெரிய எழுத்துக் குறி கோப்பு தாண்டியும் நிற்கும். எம் விசையும் பெரிய கியூவும் அழுத்துவேன். ஒரு நேரத்தில் ஒரே குறிதான். இருபத்தாறு எழுத்தும் இருக்கிறதே என்று இடத்துக்கொரு குறியாக வைத்துப் பார்த்தேன், எந்த எழுத்து எந்த இடம் என்று தனியாக ஒரு பட்டியல் வேண்டியிருந்தது.

குறி இடத்தைச் சொல்லும். எதற்காக அந்த இடம் என்று சொல்லாது. அதற்கு என் மேசையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருக்கிறது. ஆழம் இறங்கும் முன் கேள்வியை ஒரு வரியில் எழுதுவேன்: "தள்ளுபடி வரிக்கு முன்பா, பின்பா?" அவ்வளவுதான். தொலைபேசி வந்தாலும், கூட்டத்துக்குக் கூப்பிட்டாலும், வந்து உட்கார்ந்ததும் முதலில் திரையைப் பார்ப்பதில்லை, நோட்டைப் பார்க்கிறேன். பாதி நேரம், அந்தக் கேள்விக்கும் நான் இப்போது திறந்து வைத்திருக்கும் கோப்புக்கும் சம்பந்தமே இருக்காது.

நோட்டு கையில் இல்லாத நாளில் இன்னொரு தந்திரம் செய்வேன். சி நிரலில் வேலை செய்யும்போது, திரும்பி வர வேண்டிய வரியில் தமிழில் 'இங்கே' என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது. அது எந்த அறிவிப்பும் இல்லாத பெயர், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் ஒப்புக்கொள்ளாது. மறந்தே போனாலும் கம்பைல் செய்யும்போது அந்த வரி எண்ணைச் சொல்லிக் கத்தும். விம்முக்குள்ளிருந்தே மேக் என்ற கம்பைல் கட்டளையை ஓட்டினால் நேராக அந்த வரியில் கொண்டுபோய் நிறுத்தும். வருடக்கணக்கில் பிசகாத ஏற்பாடு.

பிறகு பைத்தானுக்கு மாறினேன். அங்கேயும் பழக்கதோஷத்தில் ஒரு வரியில் 'இங்கே' எழுதினேன். வேறு வேலை வந்தது. மறந்தேன். பைத்தான் 3இல் தமிழ்ச் சொல்லும் முறையான பெயர்தான். இலக்கணப்பிழை என்று அது கோப்பைத் தள்ளாது. அந்த வரிக்கு நிரல் வந்து சேரும்போதுதான் "அப்படி ஒரு பெயரே இல்லையே" என்று விழும். நான் எழுதியிருந்ததோ மாதக் கடைசியில் மட்டும் ஓடுகிற கிளைக்குள். சோதனைகளும் அந்தக் கிளையைத் தொடவில்லை. மாதக் கடைசி இரவு வேலை நின்றுபோனது. அன்று இரவுப் பணியில் இருந்தவர் புனேக்காரர். பிழைச் செய்தியில் படிக்க முடியாத எழுத்துகளைப் பார்த்துவிட்டு, சர்வருக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள் என்று பதறிக் குழுவில் எல்லோருக்கும் படம் எடுத்து அனுப்பிவிட்டார். காலை ஆறு மணிக்கு என்னை எழுப்பியது எங்கள் குழுவின் இளையவள்.

"அக்கா, 'இங்கே' என்றால் எங்கே?"

இப்போது பைத்தானில் 'இங்கே' என்று எழுதினால் கூடவே ஒரு கேள்விக்குறியும் போட்டுவிடுகிறேன். கேள்விக்குறிக்குப் பைத்தானில் இடமே இல்லை. கோப்பைத் திறந்த நொடியில் தூக்கி எறிந்துவிடும்.